கன உலோகங்களைத் தாங்கும் கடலோர பாக்டீரியாக்கள்: தாங்கிய பிறகு உலோகம் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி, மார்ச் 4

பாதரசமும் காட்மியமும் கலந்த கழிமுகங்களில் செழித்து வளரும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள் என்று அடிக்கடி படிக்கிறேன். மற்ற உயிர்கள் மடிந்துபோகும் அளவு உலோகத்தை அவை தாங்குகின்றனவாம். அப்படியானால் அவற்றைப் பெருமளவில் வளர்த்துக் கடலோர நீரில் விட்டால், ஆலைக் கழிவால் கெட்டுப்போன இடங்கள் சில ஆண்டுகளில் சுத்தமாகிவிடுமே? இதை ஏன் எவரும் செய்வதில்லை? செலவு அதிகமா, அக்கறை இல்லையா?

மார்ச் 4, இரவு

இரண்டுமே முதற்காரணம் இல்லை. கசிந்த எண்ணெயை பாக்டீரியா சிதைத்தால் அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறி, எண்ணெய் என்ற ஒன்று இல்லாமலே போகிறது. உலோகமோ தனிமம். எந்த நொதியாலும் அதைச் சிதைக்க முடியாது. அதன் வேதி வடிவத்தை மாற்றலாம், இருக்கும் இடத்தை மாற்றலாம். பாக்டீரியாவால் ஆகக்கூடியது அவ்வளவுதான். ஆகவே இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது, அந்த பாக்டீரியா எவ்வளவு உலோகத்தைத் தாங்குகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், தாங்கிய பிறகு அந்த உலோகம் எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலான செய்திகளில் அதற்கு விடை இருப்பதில்லை.

காட்மியத்தையே எடுத்துக்கொள்வோம். செல்லுக்குத் தேவையான மாங்கனீசும் துத்தநாகமும் நுழையும் வழிகளிலேயே காட்மியமும் உள்ளே புகுந்துவிடுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் பிளாஸ்மிட் (முதன்மை டிஎன்ஏவிலிருந்து தனித்திருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) ஒன்றில் கண்டறியப்பட்ட கேட்-ஏ என்ற புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அந்தக் காட்மியத்தைச் செல்சவ்வு வழியாக வெளியே தள்ளுகிறது. பெல்ஜியத்தில் துத்தநாக ஆலையொன்றின் படிவுத் தொட்டியிலிருந்து 1976-இல் பிரித்தெடுக்கப்பட்டு, இன்று குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் சிஎச்34 என்று அழைக்கப்படும் பாக்டீரியா, கோபால்ட், துத்தநாகம், காட்மியம் ஆகிய மூன்றையும் வெளியேற்றும் பெரிய புரதக் கூட்டமைப்பு ஒன்றை வைத்திருக்கிறது. உலோகத் தாங்குதிறனைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கற்றது என்றே சொல்லலாம். ஆனால் அது செய்வது என்ன? உள்ளே வந்ததை உடனுக்குடன் வெளியே எறிகிறது. செல் பிழைக்கிறது, சுற்றியுள்ள நீரில் காட்மியம் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது.

மார்ச் 5, காலை

ஆர்செனிக்கின் கதை இதைவிட மோசமானது என்பதால் தனியாக எழுதுகிறேன். கடல்நீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் இடங்களில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்செனேட்டாக இருக்கிறது. ஆர்செனேட்டும் பாஸ்பேட்டும் உருவத்தில் ஒத்தவை. அதனால் பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் புரதங்கள் ஆர்செனேட்டையும் இழுத்துவிடுகின்றன. ஆர்செனிக்கைத் தாங்க உதவும் ஆர்ஸ் என்ற மரபணுத் தொகுதியை உடைய பாக்டீரியா, உள்ளே வந்த ஆர்செனேட்டை ஆர்செனைட்டாக ஒடுக்கி, பிறகு வெளியே தள்ளுகிறது. ஆர்செனைட் பொதுவாக ஆர்செனேட்டைவிட நச்சு மிகுந்தது. வண்டல் துகள்களில் ஒட்டாமல் எளிதில் நகர்ந்து செல்லக்கூடியதும்கூட. ஆக, ஆர்செனிக்கைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகிய இடத்தில் அருகிலுள்ள மற்ற உயிர்களுக்கு ஆபத்து கூடவும் வாய்ப்பு உண்டு. ஒரு செல்லின் நலனும் ஒரு கழிமுகத்தின் நலனும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இயற்கையில் இல்லை.

மார்ச் 5, மாலை

பாதரசம் மட்டுமாவது விதிவிலக்கு இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வகையில் ஆம். மற்ற உலோகங்களைச் செல் வெளியே தள்ளப் பார்க்கும்போது, பாதரசத்தை மட்டும் வேண்டுமென்றே உள்ளே அழைத்துக்கொள்கிறது. பாதரசத்தைத் தாங்க உதவும் மெர் என்ற மரபணுத் தொகுதியில் மெர்-பி என்ற சிறு புரதம் செல்சவ்வுக்கு வெளியே பாதரச அயனியைப் பற்றுகிறது. அதைச் சவ்விலுள்ள மெர்-டியிடம் கொடுக்கிறது. அது உள்ளேயிருக்கும் மெர்-ஏ நொதியிடம் சேர்க்கிறது. வழி நெடுகிலும் பாதரசம் அந்தப் புரதங்களிலுள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுக்களில் பிணைந்தபடியே கைமாறுவதால், செல்லின் மற்றப் புரதங்களைத் தொட அதற்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. மெர்-ஏ அதற்கு இரண்டு எலக்ட்ரான்களைத் தந்து உலோகப் பாதரசமாக ஒடுக்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் செல்லில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறிலிருந்து வருகின்றன. உலோகப் பாதரசம் எளிதில் ஆவியாகும். அது சவ்வின் வழியே தானாகவே கசிந்து நீருக்கும், நீரிலிருந்து காற்றுக்கும் போய்விடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க எளிய முறை ஒன்று உண்டு. 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய அந்த முறையை நானும் ஆய்வகத்தில் செய்திருக்கிறேன். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களையும் சிறிதளவு பாதரச குளோரைடையும் இட்டு, இருட்டறையில் தட்டின் மேல் எக்ஸ்-ரே படச்சுருளை மூடி வைக்க வேண்டும். ஆவியாக எழும் பாதரசம் படச்சுருளிலுள்ள வெள்ளி உப்பை ஒடுக்கும். ஒரு மணி நேரம் போல வைத்திருந்து கழுவிப் பார்த்தால், மெர்-ஏ உள்ள குழிகளுக்கு நேர் மேலே கருவட்டங்கள் தெரியும். வெப்பத்தில் கொல்லப்பட்ட செல்கள் இருந்த குழிகளுக்கு மேலே படச்சுருள் தெளிவாக இருக்கும். ஆனால் என் கவனத்தை இழுத்தவை வேறு குழிகள். செல்லே இடாமல் வெறும் கரைசல் மட்டும் இருந்த குழிகளில், கருவட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்தவற்றின் ஓரங்களும் மங்கலாகக் கறுத்திருந்தன. பக்கத்துக் குழியிலிருந்து எழுந்த ஆவி படச்சுருளுக்கும் தட்டுக்கும் இடையிலிருந்த நூலிழை இடைவெளியில் பரவிவிட்டது. வெளியேறியது என்று நாம் சொல்வது, எப்போதும் வேறோர் இடத்தில் போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

மார்ச் 6

காற்றில் போய்விட்டால் கடலுக்கு நிம்மதிதானே என்று கேட்பவருக்கு: உலோகப் பாதரச ஆவி காற்றில் பல மாதங்கள் தங்கி, உலகம் முழுவதும் சுற்றிவந்து, மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து மழையோடும் தூசியோடும் மீண்டும் நிலத்திலும் கடலிலும் இறங்குகிறது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை ஓர் உலகளாவிய உடன்படிக்கையாகவே வகுக்க வேண்டியிருந்ததற்கு இந்தச் சுழற்சியும் ஒரு முக்கியக் காரணம். அது 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

மார்ச் 6, இரவு

மினமாட்டா என்ற பெயரை மேலே போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இந்த விவாதத்துக்கு அந்த ஊரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை என்பதால் நின்று சொல்ல வேண்டும்.

ஜப்பானின் அந்த விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை, அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் உண்டான மெத்தில் பாதரசத்தைக் கழிவுநீரோடு கடலில் விட்டது. மீனும் சிப்பியும் உண்ட மீனவக் குடும்பங்கள் நரம்பு நோயால் வீழ்ந்தன. 1956 மே மாதம் நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஏற்க 1968 வரை ஆயிற்று. கழிவுநீர் வாய்க்காலின் அருகே ஒரு டன் வண்டலில் ஏறத்தாழ 2 கிலோ பாதரசம் இருந்ததாக 1959-இல் அளந்திருக்கிறார்கள்.

அந்த வண்டலிலிருந்து பிற்காலத்தில் பிரித்தெடுக்கப்பட்ட பாசில்லஸ் மெகாடீரியம் எம்பி1 என்ற பாக்டீரியாவில் மெர்-ஏ மட்டுமல்லாமல், மெத்தில் பாதரசம் போன்ற கரிமப் பாதரசச் சேர்மங்களில் கார்பனுக்கும் பாதரசத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுக்கும் லயேஸ் நொதிக்கான மரபணுக்களும் இருந்தன. ஒன்றல்ல, மூன்று. உலகில் எந்த பாக்டீரியாவிடம் நாம் எதிர்பார்க்கும் திறன் எல்லாம் உண்டோ, அப்படிப்பட்ட பாக்டீரியா அந்தச் சேற்றிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. எவரும் கொண்டுவந்து விட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அப்படியிருந்தும் அந்த விரிகுடாவைச் சரிசெய்தவை தூர்வாரும் இயந்திரங்கள்தாம். 1977-இல் தொடங்கி 1990 வரை, 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) மேல் பாதரசம் இருந்த சுமார் 15 லட்சம் கன மீட்டர் வண்டலை உறிஞ்சியெடுத்து, சுமார் 58 ஹெக்டேர் பரப்பில் தடுப்புக்குள் நிரப்பி மேலே நல்ல மண்ணிட்டு மூடினார்கள். அதற்கு 4,850 கோடி யென் செலவானதாகப் பதிவாகியிருக்கிறது. மீன்கள் வெளியே போகாமல் விரிகுடாவின் வாயில் கட்டியிருந்த வலையை 1997-இல்தான் அகற்றினார்கள். தாங்கும் பாக்டீரியா இருக்கிறது என்பதால் இடம் சுத்தமாகிவிடும் என்றால், மினமாட்டாவுக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டியதில்லை.

மார்ச் 8

மினமாட்டா பாக்டீரியா ஆலைக் கழிவால்தான் அப்படி மாறியதா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில். அந்த மரபணுக்கள் ஆலைகளைவிட மிகப் பழையவை. சைபீரியாவின் உறைநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் புதைந்திருந்த பாக்டீரியாக்களிலும் மெர் மரபணுக்களைத் தாங்கிய டிரான்ஸ்போசான்கள் (இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகள்) கிடைத்திருக்கின்றன. ஆழ்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாக்களிலும் பாதரசத்தைத் தாங்கும் திறன் உண்டு. எரிமலையும் வெந்நீர் ஊற்றும் பாதரசத்தை உமிழத் தொடங்கியபோதே அதற்கான தற்காப்பும் தோன்றியிருக்க வேண்டும். ஆலைக் கழிவு செய்தது தேர்வு. அரிதாக இருந்தவை பெருகின; தாங்க முடியாதவை மறைந்தன.

இந்தக் கடைசிப் பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தாங்கும் பாக்டீரியாக்கள் ஓர் இடத்தில் நிறைந்திருக்கின்றன என்றால், அங்கே வாழ்ந்த பல்வகை உயிரினங்களில் ஒரு பகுதி இல்லாமல் போயிருக்கிறது. ஹான்ஸ் பிளாங்க் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-இல் இந்த உண்மையையே அளவுகோலாக்கினார்கள். ஓரிடத்து நுண்ணுயிர்ச் சமூகம் முழுவதும் ஒரு நச்சை எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தால், அந்த நச்சு அங்கே உண்மையாகவே பாதிப்பை உண்டாக்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது மிகவும் நேர்மையான பயன்பாடாகத் தோன்றுகிறது.

மார்ச் 9

பிபிஎம் கணக்கைப் பற்றி ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். தான் பிரித்தெடுத்த பாக்டீரியா 2000 பிபிஎம் ஈயத்தைத் தாங்குகிறது என்றும், இது வியக்கத்தக்கதா என்றும் வினவுகிறார்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாக்டீரியா எதையும் இடாமல், நீங்கள் பயன்படுத்திய அதே ஊட்ட ஊடகத்தை ஒரு சுத்தமான குடுவையில் எடுத்து, ஈய நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். தெளிந்திருந்த ஊடகம் பால்போல் வெளுத்து, சிறிது நேரத்தில் அடியில் வெண்படிவு இறங்கும். ஊடகத்திலுள்ள பாஸ்பேட்டும், கடல் பாக்டீரியாவுக்காக நீங்கள் சேர்த்த உப்பின் குளோரைடும் ஈயத்தைப் பிடித்துப் படிய வைத்துவிட்டன. மிச்சமிருப்பதில் பெரும்பகுதியைப் பெப்டோனும் ஈஸ்ட் சாறும் பிணைத்துக்கொள்கின்றன. உங்கள் பாக்டீரியா எதிர்கொண்ட கரைந்த ஈயம் 2000 பிபிஎம்மில் மிகச் சிறிய பங்குதான். கடல் பாக்டீரியாவுக்குப் பலரும் பயன்படுத்தும் சோபெல் அகாரில் ஒரு லிட்டருக்கு 5 கிராம் பெப்டோனும் 1 கிராம் ஈஸ்ட் சாறும் இருக்கின்றன. உலோகங்களைப் பற்றிக்கொள்வதில் இவை இரண்டும் கெட்டிக்காரப் பொருள்கள். இதே காரணத்தால்தான் சிஎச்34 போன்றவற்றை ஆய்ந்தவர்கள் பாஸ்பேட் குறைந்த, அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் டிரிஸ் என்ற பொருள் கலந்த எளிய ஊடகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உலோக உப்பைச் சேர்த்தபின் ஊடகத்தின் அமிலத்தன்மையையும் அளவிடுங்கள். சில உப்புகள் அதை வெகுவாகக் கூட்டிவிடும். அப்போது செல் மடிந்தது உலோகத்தாலா அமிலத்தாலா என்று சொல்ல முடியாமல் போகும்.

மார்ச் 9, இரவு

அளவுகளைப் பற்றி மேலும் ஒன்று. பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாவைத் தேர்ந்தெடுக்க அகாரில் 10 பிபிஎம் பாதரசம் இடுவது வழக்கம். அது லிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோமோல். திறந்த கடலின் நீரில் இருக்கும் பாதரசம் லிட்டருக்கு 1 பிக்கோமோல் அளவில் இருக்கிறது. இடையிலுள்ள வேறுபாடு 5 கோடி மடங்கு. மாசுபட்ட கடலோர நீரில்கூட அளவு நானோமோலை (ஆயிரம் பிக்கோமோலை) எட்டினாலே அது கடுமையான மாசு. ஆகவே அகாரில் செழித்ததை வைத்து, கடலில் அது என்ன செய்யும் என்று ஊகிக்க முடியாது. அவ்வளவு குறைந்த செறிவில் மெர் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றனவா என்பதே முதற்கேள்வி. இதில் மெர்-ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். பாதரசம் இல்லாதபோது அது டிஎன்ஏவின் மேல் அமர்ந்து மற்ற மரபணுக்களை அடக்கி வைக்கிறது. மிகச் சிறிதளவு பாதரசம் வந்து பிணைந்தவுடன் அதே இடத்தில் அமர்ந்தபடியே டிஎன்ஏவின் முறுக்கைச் சற்றுத் தளர்த்தி, அடக்கிவைத்த மரபணுக்களைத் தானே இயக்கிவிடுகிறது. பாதரசத்தை இத்தனை நுட்பமாக உணரும் புரதங்கள் மிகச் சிலவே. இந்தப் புரதத்தோடு ஒளிரும் மரபணுக்களை இணைத்து, நீரிலுள்ள மொத்தப் பாதரசத்தில் உயிரினங்களை எட்டக்கூடிய பங்கு எவ்வளவு என்று காட்டும் பாக்டீரியா உணரிகளை 1990-களிலேயே உருவாக்கினார்கள்.

நீரின் உப்பும் கணக்கில் சேரும். கடல்நீரில் காட்மியத்தின் பெரும்பகுதி குளோரைடோடு பிணைந்திருப்பதால் தனி அயனியாகச் செல்லைத் தாக்குவது குறைகிறது. செம்பிலோ 99 விழுக்காட்டுக்கும் மேல் கரிமப் பொருள்களோடு பிணைந்திருக்கிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்தில் இந்தப் பிணைப்புகள் ஓத ஏற்றவற்றத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பாக்டீரியா, ஒரே அளவு காட்மியம் என்றாலும், வெள்ளப் பெருக்கின்போது பாதிப்பு ஒன்றாகவும் வறண்ட காலத்தில் வேறாகவும் இருக்கும்.

மார்ச் 11

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அதில் இதுவரை நான் தொடாத பெரிய ஆபத்து இருக்கிறது. வளர்த்த பாக்டீரியாவை வண்டலில் விடுவதாக வைத்துக்கொள்வோம். அவை அங்கே நிலைக்க உணவு வேண்டும் என்று சர்க்கரைப் பாகோ வேறு கரிமப் பொருளோ சேர்த்தே விடுவார்கள். அந்த உணவை உண்ணும் உயிர்கள் வண்டலிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் கடல்நீரில் தாராளமாக இருக்கும் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுபவை பெரும்பாலும் அவைதாம்.

வண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்திலேற்றம் செய்கின்றன என்பதை 1969-இல் சுவீடனின் யென்சனும் யெர்னெலோவும் காட்டினார்கள். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களே கழிமுக வண்டலில் இதன் முதன்மைக் கர்த்தாக்கள் என்பதை 1985-இல் காம்ப்யூவும் பார்த்தாவும் நிறுவினார்கள். இதற்குக் காரணமான எச்ஜிசி-ஏ, எச்ஜிசி-பி என்ற இரண்டு மரபணுக்கள் 2013-இல்தான் கண்டறியப்பட்டன. அந்த ஆய்வில் பயன்பட்ட பாக்டீரியாக்களில் ஒன்றான என்டி132, அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவின் வண்டலிலிருந்து கிடைத்தது. மெத்திலேற்றம் செய்யும் திறனுக்கும் பாதரசத்தைத் தாங்கும் திறனுக்கும் தொடர்பில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஓர் இடத்தில் தாங்கும் பாக்டீரியாக்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், மனிதரை நோயாளியாக்கும் பாக்டீரியாக்கள் கணக்கிலேயே வராமல் போய்விடும்.

சாதாரணப் பாதரச அயனி உணவுச் சங்கிலியில் அதிகம் மேலேறுவதில்லை. மெத்தில் பாதரசமோ மிதவை உயிரிகளில் தொடங்கிப் பெரிய மீன்கள் வரை படிப்படியாகச் செறிந்து, நீரிலிருந்த அளவைப்போலப் பத்து லட்சம் மடங்கையும் தாண்டிவிடும். நல்லெண்ணத்தோடு வண்டலுக்கு உணவூட்டுபவர் அந்தப் பகுதி மீனை முன்னைவிட நஞ்சாக்கிவிடக்கூடும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அதனால்தான் இந்த இழையில் இவ்வளவு எழுதுகிறேன்.

மார்ச் 11, சற்றுப் பிறகு

அதே சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களுக்கு நன்மை தரும் முகமும் உண்டு என்பதைச் சேர்க்காவிட்டால் மேலேயுள்ள குறிப்பு ஒருபக்கமாகிவிடும். கழிமுகத்தில் ஒளிபுகும் குழாயைச் செருகி வண்டலை வெட்டியெடுத்தால், மேலே சில மில்லிமீட்டர் பழுப்பாகவும், அதன் கீழே எல்லாம் கன்னங்கரேலென்றும் இருக்கும். குழாயின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும். கருநிறம் இரும்பு சல்பைடு. நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டும் இந்த பாக்டீரியாக்களின் வேலை. காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை அந்தச் சல்பைடோடு சேர்ந்து எளிதில் கரையாத படிவுகளாகிவிடுகின்றன. வண்டலில் அமிலத்தில் ஆவியாகும் சல்பைடின் அளவு இந்த உலோகங்களின் மொத்த மோல் அளவைவிட அதிகமாக இருந்தால், அங்கே வாழும் புழுக்களுக்கும் சிப்பிகளுக்கும் உடனடி நச்சுப் பாதிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. 1990 முதல் இந்த அளவுகோல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் இந்தப் பூட்டு ஆக்சிஜன் பட்டால் திறந்துகொள்ளும். புயல் கலக்கினாலோ கப்பல் வழிக்காகத் தூர்வாரினாலோ சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து உலோகம் மீண்டும் நீரில் கரையத் தொடங்கும்.

மார்ச் 13

நுண்ணுயிர்த் தூள் ஒன்றின் செயல்விளக்க அறிக்கையை எனக்குப் பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பியது யார் என்பது இங்கே தேவையில்லை. தொட்டியில் இட்ட செம்பு ஒரே நாளில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக வரைபடம் காட்டியது. அளவிட்ட நீர் வடிகட்டப்பட்ட நீர். தூளில் பாதிக்கு மேல் களிமண். செம்பு களிமண்ணிலும் செல்களின் மேலுள்ள பிசின் போன்ற சர்க்கரைப் படலத்திலும் ஒட்டிக்கொண்டு வடிதாளில் தங்கியிருக்க வேண்டும். தூளைக் கொதிக்க வைத்துச் செல்களைக் கொன்றபின் இட்டாலும் இதே வரைபடம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை அறிக்கையில் இல்லை. செம்பைச் சுமந்த அந்தத் துகள்கள் கடலில் சிப்பியின் வாய்க்குப் போகுமா வண்டலுக்குப் போகுமா என்பதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

மார்ச் 14

மருந்து எதிர்ப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. உலோகத்தைத் தாங்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்களிலும் டிரான்ஸ்போசான்களிலும், அதாவது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய டிஎன்ஏ துண்டுகளில் இருக்கின்றன. டிஎன்21 என்ற டிரான்ஸ்போசானில் மெர் மரபணுக்களோடு ஸ்ட்ரெப்டோமைசினையும் சல்பா மருந்துகளையும் எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே துண்டில் இருக்கின்றன. 1950-களில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லாவிலிருந்து கிடைத்த பிளாஸ்மிட்டில் இது இருந்தது. இப்படிப்பட்ட டிஎன்ஏவை உடைய பாக்டீரியா வாழும் நீரில் மருந்தே கலக்காமல் பாதரசம் மட்டும் கலந்தாலும், மருந்து எதிர்ப்பு மரபணுக்களும் கூடவே நிலைபெறும். துறைமுகங்களில் கப்பல் அடிப்பாகத்துக்குப் பூசும் செம்புப் பூச்சுகளைப் பற்றியும் இதே கவலை உண்டு. டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த கப்பல் பூச்சுகளைத் தடைசெய்த பன்னாட்டு உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்தபின் செம்பின் பயன்பாடு மேலும் முக்கியமாயிற்று.

தாங்கும் பாக்டீரியாவைக் கடலில் விடும் எந்தத் திட்டமும் முதலில் அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ முழுவதையும் படித்து, அதோடு வேறு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

மார்ச் 16

எல்லாவற்றையும் மறுத்துவிட்டு எதற்காக இந்த ஆய்வு என்று கேட்பது நியாயம். இவை சிறப்பாகப் பயன்படும் இடம் உண்டு. அது கடல் அல்ல. கடலுக்கு முன்னால் உள்ள கழிவுநீர்க் குழாய். ஜெர்மனியில் ஐரீன் வாக்னர்-டோப்லரின் குழு, பாதரசத்தை மின்முனையாகப் பயன்படுத்தி உப்புநீரிலிருந்து குளோரினும் காரமும் தயாரிக்கும் குளோர்-ஆல்கலி ஆலையின் கழிவுநீரை 700 லிட்டர் உலைக்கலன் வழியே செலுத்தியது. கலனுக்குள் நுண்துளைகள் நிறைந்த கற்களின் மேல் மெர் மரபணுக்களை உடைய பாக்டீரியாக்கள் படலமாக வளர்ந்திருந்தன. அவற்றை இட்ட 10 மணி நேரத்துக்குள் பாதரசத்தில் 97 விழுக்காடு கலனுக்குள் பிடிபடத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு இது வெளியானது. அயனியாக நுழைந்த பாதரசம் உலோகத் துளிகளாகக் கற்களிடையே தங்கிவிடுகிறது. அந்தக் கற்களை எடுத்துப் பாதரசத்தை மீட்க முடியும். முதல் நாள் நான் எழுப்பிய கேள்விக்கு இங்கே தெளிவான விடை இருக்கிறது: உலோகம் கலனில் இருக்கிறது, எடைபோட்டுப் பார்க்கலாம்.

படச்சுருளைக் கறுக்கவைத்த அதே நொதிதான் இங்கும் வேலை செய்கிறது. சுற்றிலும் சுவர் இருப்பதும், நீர் வெளியேறும் வழியில் கரி வடிகட்டி இருப்பதும்தான் வேறுபாடு.

மார்ச் 17

ஈயத்தைப் பற்றிக் கேட்ட மாணவர் மீண்டும் எழுதியிருக்கிறார். பாஸ்பேட் குறைந்த ஊடகத்தில் மறுபடி சோதித்தபோது 2000 பிபிஎம் 40 பிபிஎம்மாக இறங்கிவிட்டதாம், மனம் தளர்ந்திருக்கிறார். தளர வேண்டாம். அந்த 40-தான் உங்களிடமுள்ள உண்மையான முடிவு. அதிலிருந்து தொடங்கி உலோகத்தின் வரவு செலவுக் கணக்கை எடுங்கள். இட்ட ஈயத்தில் எவ்வளவு வடிகட்டிய நீரில் இருக்கிறது, எவ்வளவு செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு செல்லுக்குள் இருக்கிறது என்று தனித்தனியே அளவிடுங்கள். மேற்பரப்பில் ஒட்டியதை, உலோகத்தைப் பற்றியெடுக்கும் ஈடிடிஏ கரைசலில் கழுவிப் பிரிக்கலாம். கொன்ற செல்களிலும் செல்லே இல்லாத குடுவையிலும் இதே கணக்கை எடுங்கள். கூட்டுத்தொகை நீங்கள் இட்ட அளவுக்கு வெகுவாகக் குறைந்தால், பாக்டீரியா ஏதோ செய்துவிட்டது என்று எழுதுவதற்கு முன் குடுவையின் உட்சுவரை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கழுவி அந்தக் கழுவுநீரையும் அளந்து பாருங்கள். காணாமல் போன ஈயம் பல நேரங்களில் அங்கேதான் இருக்கும்.